பிடி அரிசியும் போதுமென்ற மனமும்

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையின்போது ஸ்தோத்திரக் காணிக்கைக்கென்று ஒரு நேரம் உண்டு. அந்த வாரம் பிறந்தநாளோ திருமண நாளோ கண்டவர்கள் குடும்பத்தோடு முன்னே வந்து நிற்பார்கள். ஆயர் அவர்களுக்காக ஜெபிப்பார். காணிக்கைக் கவரின் மேல் பெயரோடு காரணமும் எழுதியிருக்கும்: மகளுக்கு வேலை கிடைத்ததற்காக, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக, புது வீடு கட்டிக் குடிபோனதற்காக, விபத்தில் உயிர் தப்பியதற்காக. கத்தோலிக்க ஆலயங்களில் இதே உணர்வு நன்றித் திருப்பலியின் கருத்தாக வாசிக்கப்படுகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் சாட்சியாகச் சொல்லப்படுகிறது. பெற்ற நன்மையைத் தனக்குள் பூட்டி வைக்காமல் ஊரறியச் சொல்வது அழகான வழக்கம். அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தக் காரணங்களைக் கூர்ந்து பார்த்தால் அவை பெரும்பாலும் அபூர்வமாக நடப்பவை என்பது தெரியும். வேலை ஒருமுறை கிடைக்கிறது. வீடு ஒருமுறை கட்டப்படுகிறது. இரண்டு விசேஷங்களுக்கு நடுவே கிடக்கும் நூற்றுக்கணக்கான சாதாரண நாட்களில் நம் மனம் எந்த நிலையில் இருக்கிறது? போதுமென்ற மனம் பிறக்க வேண்டிய இடம் அந்தச் சாதாரண நாட்கள்தான்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான். கிறிஸ்தவ வாழ்வில் மனநிறைவு என்பது பிறவிக் குணமும் அல்ல, வசதி வந்தபின் தானாக வந்து சேர்வதும் அல்ல. அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அதைக் கற்பிப்பது அன்றாட நன்றி. விசேஷங்களுக்கு மட்டும் செலுத்தப்படும் நன்றி, அடுத்த விசேஷத்துக்கான ஏக்கத்தை வளர்க்கவும் கூடும். நாள்தோறும், சிறியவற்றுக்காக, ஒரு பகிர்வோடு சேர்த்துச் செலுத்தப்படும் நன்றியே 'போதும்' என்று சொல்லும் திறனைத் தருகிறது. இதற்கான சான்றுகள் வேதாகமத்திலும் இருக்கின்றன, மதுரைத் திருச்சபைகளின் பழைய வழக்கங்களிலும் இருக்கின்றன, அண்மைக்கால உளவியல் ஆய்வுகளிலும் ஓரளவுக்கு இருக்கின்றன. இதற்கு எதிரான வாதங்களும் வலுவானவை. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் எதிர்கொண்டால்தான் இந்த வாதம் நிற்கும்.

கற்றுக்கொண்ட பாடம்

மனநிறைவைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் பேசும்போது முதலில் எடுத்துக்காட்டுவது பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரம். எந்த நிலையிலும் மனரம்மியமாக இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் அங்கே எழுதுகிறார். எழுதியது காவலில் இருந்தபடி, கி.பி. 60-ஐ ஒட்டி, ரோமில் என்பது மரபுவழிக் கருத்து. இந்தப் பகுதியில் இரண்டு செய்திகள் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகின்றன. முதலாவது, தாழ்ந்திருப்பதை மட்டுமல்ல, வாழ்ந்திருப்பதையும் கற்க வேண்டியிருந்ததாக அவர் சொல்கிறார். குறைவில் பொறுமை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறைவிலும் பயிற்சி வேண்டும் என்பது அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. மிஷன் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்து, மூன்று நான்கு தலைமுறைகளில் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் உயர்ந்த குடும்பங்கள் மதுரைத் திருச்சபைகளில் ஏராளம். அவர்களுக்கு இன்றைய பாடம் பவுல் சொன்ன இரண்டாவது பாடம்தான். இரண்டாவது செய்தி, அந்தக் கடிதமே ஒரு நன்றிக் கடிதம் என்பது. பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பவுலுக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்டு, கொண்டுவந்தவர் நோயுற்றுப் பிழைத்ததையும் நினைத்து உருகி, அதே மூச்சில் தன் மனநிறைவைப் பற்றிப் பவுல் பேசுகிறார்.

இது அக்காலத்து ஸ்தோயிக்கர்களின் போதனையிலிருந்து விலகும் இடம். அவர்களுள் ஒருவரான செனேக்கா பவுலின் சமகாலத்தவர். ஸ்தோயிக்க ஞானி யாருடைய தயவும் தேவைப்படாதவன்; வெளியிலிருந்து வருவது எதுவும் தன்னை அசைக்காதபடி உள்ளத்தைப் பூட்டிக்கொள்பவன். பவுலின் மனநிறைவோ பிறர் கொடுத்ததை இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறது. தனக்குப் பலம் தருகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அடித்தளமாகக் கொள்கிறது. தேவை இல்லாதவன் போல நடிக்காமல், தேவை நிறைவேறிய ஒவ்வொரு முறையும் அதை ஏற்று, கொடுத்தவரை நினைப்பதால் வருகிற நிறைவு அது. ஆகவே நன்றியைக் கழித்துவிட்டால் பவுல் சொல்லும் மனநிறைவில் மிச்சம் எதுவும் இல்லை.

தமிழ் மரபோடு ஒப்பிட்டால் இந்த இணைப்பின் புதுமை இன்னும் தெளிவாகும். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. அவா அறுத்தல் 37ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. பிறர் பொருளுக்கு ஆசைப்படாமையை வள்ளுவர் இல்லறத்தானுக்கும் சொல்கிறார் என்றாலும், ஆசையின் வேரையே அறுக்கும் முழுப் பயிற்சி துறவிக்குரியதாக வைக்கப்பட்டிருக்கிறது. நன்றி ஒரு வீட்டில், நிறைவு இன்னொரு வீட்டில். கிறிஸ்தவ போதனை இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டு, நகைக்கடனுக்கு வட்டி செலுத்திக்கொண்டு, மாமியார் மருந்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு வாழ்கிற குடும்பத்தாரும் போதுமென்ற மனதைப் பெறலாம். உலகத்தை விட்டு விலகுவதால் அல்ல, உலகத்தில் கிடைப்பதைக் கொடையாகப் பெற்றுக்கொள்வதால் பெறலாம் என்பது அதன் துணிச்சல்.

முறுமுறுப்பு என்னும் மறதி

நன்றிக்கு எதிர்ப்பதம் முறுமுறுப்பு. அதை யாத்திராகமமும் எண்ணாகமமும் மிக நுட்பமாக ஆராய்கின்றன. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா நாள்தோறும் கொடுக்கப்பட்டது. அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும். மறுநாளுக்கென்று பதுக்கியது பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம். நாளுக்கு நாள் என்ற இந்தக் கணக்கையே பிற்பாடு இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபத்திலும் அன்றாட அப்பத்தைப் பற்றிய வேண்டுதலாக வைத்தார். ஆனால் எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்கு வரும்போது மக்களுக்கு மன்னா சலித்துவிட்டது. எகிப்தில் சாப்பிட்ட மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாம் நினைவுக்கு வருகின்றன. செங்கல் சூளையும் சவுக்கடியும் ஆற்றில் எறியப்பட்ட ஆண்குழந்தைகளும் நினைவுக்கு வரவில்லை. முறுமுறுப்பின் அடிப்படை இங்கே தெரிகிறது: அது இல்லாததை நினைவில் பெருக்கி, இருப்பதைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. அப்படியானால் நன்றி என்பது முதன்மையாக நினைவுக்குத் தரப்படும் பயிற்சி. மறப்பது தினமும் நடப்பதால் நினைப்பதும் தினமும் நடக்க வேண்டியிருக்கிறது.

இந்த மறதி வறியவர்களுக்கு மட்டும் வருவதல்ல. உபாகமம் 8ஆம் அதிகாரம், சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போதுதான் மறந்துபோகும் ஆபத்து அதிகம் என்று எச்சரிக்கிறது. இதற்கு இணையான ஒன்றை உளவியலாளர்களும் கண்டிருக்கிறார்கள். மனிதர் புது வசதிக்கு விரைவில் பழகிவிடுகிறார்கள், பழகியபின் அது மகிழ்ச்சி தருவது நின்றுவிடுகிறது என்ற கருத்தை 1971இல் பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இருவர் முன்வைத்தார்கள். பிரிக்மனும் உடனாய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, லாட்டரியில் பெருந்தொகை பெற்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டது. வென்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்பதோடு, நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது போன்ற அன்றாடச் செயல்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே இன்பம் கண்டார்கள். பெரிய வரவு சிறியவற்றின் சுவையைக் கெடுக்கக்கூடும் என்பதே அதன் பொருள். இந்த முடிவை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு சிறியது, சுவீடனில் லாட்டரி வென்ற மிகப் பலரை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பணம் வாழ்க்கைத் திருப்தியை நீடித்து உயர்த்துகிறது என்றே காட்டியது. வறுமையில் இருப்பவருக்குப் பணம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் வரவு உயரும்போது அன்றாட இன்பங்கள் தாமாகவே கூடிவிடுவதில்லை. அவற்றைக் காணும் கண் தனியாகப் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்ற பாடம் நிற்கிறது.

விசேஷ நன்றியின் குறையும் இதுதான். பெரிய வரவுகளுக்கு மட்டும் ஸ்தோத்திரம் செலுத்திப் பழகிய மனம், பெரிய வரவே ஆசீர்வாதம் என்று தன்னையறியாமல் கற்றுக்கொள்கிறது. அடுத்த வீட்டுப் பையனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த சாட்சியைக் கேட்கும்போது, உள்ளூரில் குறைந்த சம்பளத்தில் உழைக்கும் தன் மகனை ஒரு தாய் ஆசீர்வாதம் குறைந்தவனாக எண்ணத் தொடங்குகிறார். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளின் விளம்பரங்கள் செய்கிற வேலையை ஆலயத்துச் சாட்சியும் செய்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. அதைத் தடுப்பதற்கு விசேஷ நன்றியை நிறுத்த வேண்டியதில்லை. அதைத் தாங்கிப் பிடிக்க அன்றாட நன்றி வேண்டும்.

மதுரை மண்ணின் மூன்று பழக்கங்கள்

இந்த அன்றாடப் பயிற்சி மதுரைக்குப் புதிதல்ல. கிறிஸ்தவம் இங்கே வந்த வழிகளிலேயே அது இருந்தது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அவர் சார்ந்த இயேசு சபையின் மதுரை மிஷன் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றின் முக்கியமான அத்தியாயம். அந்தச் சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் தொகுத்த ஆன்மீகப் பயிற்சிகள் 1548இல் அச்சேறின. அதில் அன்றாட ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. பொதுவாக ஆன்ம சோதனை என்றதும் நாம் பாவங்களை எண்ணுவதையே நினைக்கிறோம். இஞ்ஞாசியார் வைத்த முதல் படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி சொல்வது. பாவங்களைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. நன்றிகெட்டதனமே எல்லாப் பாவங்களுக்கும் தொடக்கம் என்று 1542இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதியதோடு சேர்த்துப் பார்த்தால், இந்த வரிசை தற்செயலானதல்ல என்பது புரியும். பெற்றதை முதலில் பார்த்தவன்தான் தன் குறையை நொந்துபோகாமல் பார்க்க முடியும்.

இரண்டாவது பழக்கம் வீட்டு ஜெபமும் அதில் பாடப்படும் கீர்த்தனைகளும். யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த எட்வர்ட் வெப், தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் இசையில் பாட வேண்டும் என்று விரும்பி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோரின் பாடல்களைத் திரட்டி 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். இன்று தமிழ்ச் சபைகளின் கையில் இருக்கும் கீர்த்தனைப் புத்தகங்களுக்கு அது ஒரு முன்னோடி. விடியற்காலைக்கும் மாலைக்கும் தனித்தனிக் கீர்த்தனைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இரவு முழுதும் காத்ததற்கு ஒரு பாட்டு, பகல் முழுதும் நடத்தியதற்கு ஒரு பாட்டு. விளக்கு வைத்தபின் பாய் விரித்து, பாட்டி பல்லவியை எடுத்துக்கொடுக்கப் பேரப்பிள்ளைகள் தொடர்ந்து பாடும் வீட்டில், நன்றிக்கு ஒரு நேரம் வைக்கப்பட்டிருக்கிறது. மனம் இருந்தால் நன்றி சொல்லலாம் என்று விட்டிருந்தால், மனம் சோர்ந்த நாட்களில் அது நடந்திருக்காது.

மூன்றாவது பழக்கம் பிடி அரிசி. இதுவே மூன்றிலும் ஆழமானது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளில் வழிவழியாக வந்த இந்த வழக்கத்தில், உலை வைத்தபின் அன்றைய சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுவாள். பாத்திரம் நிறைந்ததும் அது ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும். ஒரு பிடி முப்பது, நாற்பது கிராம் இருக்கலாம். இருவேளை சமைக்கும் வீட்டில் மாதம் ஏறத்தாழ இரண்டு கிலோ சேரும். ஐம்பது வீடுகள் சேர்ந்தால் நூறு கிலோ. உபதேசியார் குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் ஊரில் முடியாதவர்களின் பசிக்கும் அது உதவும். ஆனால் அந்தப் பிடி சமைக்கிறவளின் உள்ளத்தில் செய்யும் வேலை இதைவிடப் பெரியது. அரிசி அளந்து எடுக்கப்பட்டுவிட்டது; யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் முடிந்துவிட்டது. அதிலிருந்து ஒரு பிடி போகிறது. மிச்சம் இருப்பது நமக்குப் போதும் என்று அந்தக் கை முடிவு செய்கிறது. மனம் இன்னும் முழுவதும் சம்மதிக்காத நாளிலும் கை செய்துவிடுகிறது. கை செய்ததை மனம் மெல்லக் கற்றுக்கொள்கிறது. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சத்தைக் கண்ட மண் இது. பெரியாறு நீர் 1895இல் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தபின் மேலூர், சோழவந்தான் பக்கத்து வயல்கள் செழித்தன என்றாலும், கண்மாயையும் மழையையும் நம்பியிருந்த ஊர்களின் நிலை நிச்சயமற்றதாகவே இருந்தது. அத்தகைய மண்ணில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுப்பது வெறும் வழக்கமாக இருந்திருக்க முடியாது. அது நாளைய பயத்தை நாள்தோறும் எதிர்த்து நிற்கும் விசுவாசம்.

அறுப்பின் பண்டிகையில் இதே நன்றி ஊர் விழாவாகிறது. நெல்லும் வாழைத்தாரும் பூசணியும் கோழியும் முட்டையும் பீடத்தின் முன் குவிகின்றன. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடப்படுகின்றன. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் தேங்காய் அங்கே பல மடங்குக்குப் போகிறது. எடுத்தவரே அதைத் திரும்பவும் ஏலத்துக்குக் கொடுப்பதும் உண்டு. ஒரு பொருளின் மதிப்பைச் சந்தை மட்டுமே தீர்மானிக்கும் உலகத்திலிருந்து அது சற்று நேரம் விடுபடுகிறது. ஆனால் பண்டிகை ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அடுக்களையில் பிடி அரிசி நின்றுபோன வீட்டில், அந்த ஒரு நாள் தொகையைப் பெரிதாகக் காட்டும் போட்டியாக மாறுவதற்கு அதிகக் காலம் பிடிக்காது.

தினமும் செய்தால் சடங்காகிவிடாதா?

முதல் எதிர்வாதம் அனுபவத்திலிருந்தும் வருகிறது, ஆய்விலிருந்தும் வருகிறது. ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய சிறு புத்தகங்களை நாள்தோறும் வாய்விட்டுப் படிக்கும் பலர் உண்டு. உதடு நன்றி சொல்ல, மனம் பால்காரரின் பாக்கியில் இருப்பதும் உண்டு. கலிபோர்னியாவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில், நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள் தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிட நல்ல மனநிலையில் இருந்தார்கள். நரம்புத்தசை நோயாளிகள் 21 நாட்கள் தினமும் எழுதிய பகுதியிலும் நற்பலன் தெரிந்தது. ஆனால் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட கட்டுரையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கே பயன் தெரிந்தது. வாரம் மும்முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அடிக்கடி செய்வது சலிப்பாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பின்னாளைய ஆய்வு ஒன்றும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சியின் பலன் சிறிதுதான் என்றது. ஆகவே நன்றியை மனநோய்க்கு மருந்தாக விற்பது தவறு. மருத்துவரைப் பார்க்க வேண்டியவரிடம் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது அன்பில்லாத செயல்.

எனினும் இந்த ஆய்வுகள் அளந்ததும் திருச்சபை கற்பிப்பதும் ஒன்றல்ல. அவை அளந்தது ஒருவர் தனியே அமர்ந்து, தனக்காக, சில வாரங்களுக்குப் பட்டியல் எழுதுவதை. தன் மனநிலை உயர்கிறதா என்பதே அங்கே கேள்வி. கிறிஸ்தவ நன்றி ஒருவரை நோக்கிப் பேசப்படுகிறது. மனநிலை உயராத நாளிலும் கேட்கிறவர் இருக்கிறார். பட்டியல் எழுதும் பழக்கம் சலித்தால் அதோடு முடிந்துவிடும். உறவில் சொல்லப்படும் நன்றி சலிப்பைத் தாண்டிச் செல்ல வழியுண்டு. பாத்திரத்தில் விழும் பிடி அரிசி அன்றைக்கு மனம் எப்படி இருந்தாலும் யாரோ ஒருவருடைய பசியை ஆற்றுகிறது. அதனால் அது முழுவதும் வெறுமையாகிவிட முடியாது. மேலும் சலிப்புக்கு மாற்று, நன்றியை அரிதாக்குவதில் இல்லை; அதைக் குறிப்பாகச் சொல்வதில் இருக்கிறது. எல்லா நன்மைகளுக்கும் ஸ்தோத்திரம் என்று பொதுவாகச் சொல்வது சீக்கிரம் தேய்ந்துவிடும். மூன்று நாளாக வராத குழாய்த் தண்ணீர் இன்று காலை வந்தது, கோபித்துப் போன தம்பி போன் செய்தான், அம்மாவின் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது என்று இன்றைக்குரியதைச் சொல்லும் நன்றி நேற்றைய நன்றியின் நகலாக இருக்க முடியாது.

யாரிடம் போதும் என்று சொல்லலாம்?

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடுமையானது. அதைக் கேட்க மதுரையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஒடுக்கப்பட்டவரிடம் போதுமென்ற மனதைப் போதிப்பது ஒடுக்குகிறவருக்குச் செய்யும் சேவை அல்லவா? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் மக்களுக்குப் பட்டியல் சாதி உரிமைகள் இல்லை. சீக்கியரானவர்களுக்கு 1956இலும் பௌத்தரானவர்களுக்கு 1990இலும் அவை விரிவாக்கப்பட்டன, கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் சில இடங்களில் ஆலயத்துக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதி பிரித்து வைக்கப்பட்டது. இந்த நிலையில் இருப்பவரிடம், கிடைத்ததற்கு நன்றி சொல்லி அமைதியாக இரு என்று யாராவது சொன்னால், அது கிறிஸ்துவின் பெயரால் சொல்லப்படும் பொய்.

ஆனால் வேதாகமத்து நன்றி அப்படிப் பேசுவதில்லை. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் விவசாயி சொல்ல வேண்டிய வார்த்தைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. விளைச்சலைப் பற்றி மட்டும் அவன் பேசுவதில்லை. நாங்கள் எகிப்தில் ஒடுக்கப்பட்டோம், கடினமான வேலை சுமத்தப்பட்டோம், முறையிட்டோம், அவர் எங்கள் கூக்குரலைக் கேட்டார் என்ற வரலாற்றைச் சொல்லியபின்தான் கூடையை வைக்கிறான். நன்றியின் உள்ளேயே முறையீடு இருக்கிறது. பிறகு லேவியனும் அந்நியனும் அவனோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். பவுலின் வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. மனநிறைவைப் பற்றி அவர் எந்த நகரத்தாருக்கு எழுதினாரோ அதே பிலிப்பியில்தான், விசாரணையில்லாமல் அவரும் சீலாவும் அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்பட்டார்கள். நள்ளிரவில் இருவரும் துதிப்பாட்டு பாடினார்கள். விடிந்ததும் அதிகாரிகள் ரகசியமாக விடுவிக்க ஆள் அனுப்பியபோது பவுல் மறுத்தார். ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் வெளியரங்கமாக அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். இரவில் பாடியவரும் காலையில் உரிமை கேட்டவரும் ஒருவரே. அவர் பாடியதால் உரிமையை விட்டுவிடவில்லை. உரிமை கேட்டபோது கசப்பாகவும் இல்லை.

மதுரையில் இந்த இணைப்பை வாழ்ந்துகாட்டியவர்கள் உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1847இல், சாதியை விடாதவர்களைச் சபை உறுப்பினராக ஏற்பதில்லை என்று உறுதியான நிலை எடுத்தது. சேர்ந்து சாப்பிடுவதை அதற்கு அடையாளமாகக் கேட்டது. பலர் அதை ஏற்க மறுத்தார்கள். மிஷனுக்கு அது பெரிய நெருக்கடியானது. நன்றி சொல்லி உண்ணும் உணவை யாரோடு உண்கிறோம் என்பதே கேள்வியாக நின்றது. 1969இல் உருவான மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்று அன்போடு அழைக்கப்பட்டவர், கிராமிய இசையில் பாடல்களும் வழிபாட்டு முறையும் அமைத்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிப் பங்கிட்டு உண்ணும் குடும்பம் என்பது அவருடைய இறையியலின் மையக் கருத்துகளில் ஒன்று. அந்த வழிபாட்டில் நன்றியும் நீதிக்கான குரலும் பிரிக்க முடியாதபடி சேர்ந்திருந்தன. இன்னொருவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1925இல் மிஷனரியாக மதுரைப் பகுதிக்கு வந்த இந்த அமெரிக்கருக்கு, தேசிய இயக்கத்தின்மேல் கொண்ட பரிவுக்காக 1930இல் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பிவந்து கதர் உடுத்தி எளிமையாக வாழ்ந்தார். காந்திகிராமத்தோடும் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் போன்ற சர்வோதயத் தொண்டர்களோடும் இணைந்து நின்றார். தனக்குக் கொஞ்சம் போதும் என்றவரால்தான் நிலமில்லாதவருக்கு நிலம் வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம் தயக்கமின்றி நிற்க முடிந்தது. தன் தேவைக்கு எல்லை வைக்காதவன் பிறர் உரிமைக்காக நிற்கும்போது, இழக்கப்போவதை நினைத்துப் பின்வாங்குவான். ஆகவே போதும் என்பது நான் எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை. இல்லாதவனிடம் நான் சொல்லக்கூடாத வார்த்தை.

இதோடு சேர்த்து இன்னொரு கள்ள நன்றியையும் அடையாளம் காண வேண்டும். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து ஆறுதல் அடையுங்கள் என்பது மேடைதோறும் கேட்கும் அறிவுரை. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு வந்த பரிசேயனும் நன்றிதான் சொன்னான்; அந்த ஆயக்காரனைப் போல் தான் இல்லாததற்காகச் சொன்னான். அவன் நீதிமானாக்கப்பட்டுத் திரும்பவில்லை. பிறர் துன்பத்தைப் படியாக வைத்து ஏறும் நன்றி, தன்னைவிட மேலே இருப்பவரைக் கண்டதும் பொறாமையாக மாறிவிடும். ஒப்பீட்டில் பிறந்தது ஒப்பீட்டிலேயே சாகும்.

கண்ணீரின் நடுவே

மூன்றாவது எதிர்வாதம் துக்கத்திலிருந்து வருகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நன்றியைப் பற்றிப் பேசலாமா? பேசக்கூடாது; அருகில் இருக்க வேண்டும். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றையும் நன்றிப் பாடல்களையும் இஸ்ரவேல் ஒரே புத்தகத்தில் வைத்துப் பாடியது. புலம்பல் விசுவாசக் குறைவாக எண்ணப்பட்டிருந்தால் அது நடந்திருக்காது. அத்திமரம் துளிர்க்காமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற பொருளில் ஆபகூக் பாடுகிறார். அந்தப் பாட்டு, ஏன் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர் என்று அவர் கேட்டுத் தொடங்கிய புத்தகத்தின் கடைசியில் வருகிறது; தொடக்கத்தில் அல்ல. அங்கே போய்ச் சேருவதற்கு அவருக்குக் காலம் கொடுக்கப்பட்டது. துக்க வீட்டாருக்கும் அந்தக் காலத்தைச் சபை கொடுக்க வேண்டும். அன்றாட நன்றி துக்கத்தை அடக்கும் ஆயுதமல்ல. நல்ல நாட்களில் அதைப் பழகியவர், கெட்ட நாள் வரும்போது தன்னால் சொல்ல முடியாத நன்றியைத் தனக்காகச் சபை சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அறிந்து, அதில் சாய்ந்துகொள்ளலாம். குடும்ப ஜெபமும் கீர்த்தனையும் கூட்டாகச் செய்யப்படுவதன் அருமை அப்போதுதான் விளங்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, மனநிறைவைக் கற்பிக்கும் நன்றிக்கு நான்கு இலக்கணங்கள் தெளிவாகின்றன. அது நாள்தோறும் நேரம் வைத்துச் செய்யப்படுவது. இன்றைக்குரியதைக் குறிப்பாகச் சொல்வது. பெற்றதில் ஒரு பங்கைப் பிறருக்குப் பிரித்துவைப்பது. முறையீட்டையும் கண்ணீரையும் வெளியே தள்ளாதது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் நன்றி பெருமையாகவோ சடங்காகவோ பிறரை அடக்கும் போதனையாகவோ திரிந்துவிடுகிறது. மதுரைத் திருச்சபைகள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மறைக்கல்வி வகுப்பிலும் ஓய்வுநாள் பள்ளியிலும், இரவில் படுக்குமுன் அன்றைய நாளில் பெற்ற ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி செலுத்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும்போது தொகையை விட்டுவிட்டுக் காரணத்தை மட்டும் வாசிக்கலாம். வேலை கிடைத்ததற்காக மட்டுமல்ல, வேலை தேடிய மாதங்களில் தாங்கியதற்காகவும் எழுதும்படி ஆயர் மக்களைத் தூண்டலாம். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் வாங்கும் நகரத்து அடுக்களையிலும் பிடி அரிசியை மீண்டும் தொடங்கலாம். அது போய்ச் சேரும் வீடு எது என்பதைச் சபை அறிந்திருக்கலாம். இவை சிறிய செயல்கள். ஆனால் பேராசையும் ஒரே நாளில் நமக்குள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சிறு ஒப்பீட்டில் கற்றுக்கொண்டோம். அதை மறந்து வேறொன்றைக் கற்பதும் அதே வழியில்தான் நடக்கும். கற்றுக்கொண்டேன் என்று பவுல் தன் கடைசி ஆண்டுகளில்தான் எழுதினார். நமக்கும் அவ்வளவு காலம் ஆகலாம். அதனால் இன்றைக்கே தொடங்குவது நல்லது.